கையில் கொடுக்காத எள்

நான் பொய் சொன்னேன். வாய் தவறி அல்ல. தெரிந்தே, முகத்தைப் பார்த்து, கையில் அடித்துச் சத்தியம் செய்து பொய் சொன்னேன். போலகத்து அஞ்சலையிடம் சொன்னேன். அவள் நம்பினாள்.

அதற்காக நான் வெட்கப்படுகிறேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை! முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... அந்தப் பொய்யை இன்னொரு முறை சொல்லச் சொன்னாலும் சொல்வேன். நான் குற்றவாளிதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அவசரப்பட்டு நினைக்கும் குற்றத்துக்கு அல்ல. கடைசிவரை கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் தீர்ப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்கால் பக்கத்தில் ஒரு வேளாண்மைப் பண்ணையில் நான் ஆராய்ச்சி உதவியாளர். எந்தப் பண்ணை என்று கேட்காதீர்கள். அதைச் சொன்னால் இன்னும் நாலு பேருடைய பெயர் கெடும். கெடவேண்டியது என் பெயர் மட்டும்தான். என் வேலை எள். அதனாலேயே சுற்று வட்டாரத்தில் எனக்கு 'எள்ளு மேடம்' என்று பெயர். முதலில் கேலியாக வைத்தார்கள். பிறகு என் சொந்தப் பெயரை நானே மறக்கும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

எள்ளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? சம்பா அறுத்த வயலில் மாசியில் தெளித்தால் வைகாசியில் அறுவடை. தண்ணீர் அதிகம் கேட்காது, எரு அதிகம் கேட்காது. ஏழைக்கு ஏற்ற பயிர் என்று நினைப்பீர்கள். கடைசி வாரத்தில் அது காலை வாரிவிடும்! காய் முற்றியதும் வாயைப் பிளந்துகொள்ளும். அறுப்பு ஆள் கிடைக்காமல் இரண்டு நாள் தாமதித்தீர்களோ, பாதி விதை மண்ணில். ஒரு காற்று போதும். மிச்சத்தை அறுத்து அடுக்கி வைத்த நேரம் பார்த்துக் கோடை மழை வந்தால் அதுவும் போயிற்று.

மூன்று மாதம் வளர்த்த பயிரை மூன்று நாளில் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வரப்பில் நின்று அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அஞ்சலையைத்தான் முதலில் அப்படிப் பார்த்தேன்.

எங்கள் பண்ணையில் ஒரு விஞ்ஞானி இருந்தார். அவருக்கு ஒரே பைத்தியம்தான்: காய் வெடித்துக் கொட்டாத எள். நம் எள்ளில் அந்தக் குணம் கிடையாது. இல்லாத குணத்தை எங்கே போய்த் தேடுவது? விதைக்குள் நூறு விதமான கலவரத்தை உண்டாக்கி, அந்தக் கலவரத்தில் ஏதாவது நல்லது தவறிப் பிறக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். கறுப்பெள்ளைத் துணிப்பைகளில் கட்டி, கதிர்வீச்சுக் கூடம் இருக்கும் வெளியூருக்கு ரயிலில் அனுப்பினார். காமாக் கதிர். சில பைக்குக் கொஞ்சம், சில பைக்கு நிறைய. திரும்பி வந்த விதை பார்வைக்குப் பழைய விதையேதான். கையில் அள்ளிப் பார்த்தேன், சூடுகூட இல்லை.

முளைத்த பிறகுதான் கூத்து! முறுக்கிக்கொண்ட தண்டு, வெளிறிப் போன இலை, பூவே எடுக்காத மலடு... உழவர் தினத்துக்கு வந்த ஜனங்கள் அந்தப் பாத்தியைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அவர்களில் அஞ்சலையும் ஒருத்தி. "என்னங்க இது, பேய் அடிச்ச மாதிரி நிக்கிது" என்றாள். நான் சிரித்தேன். அந்த முகச்சுளிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்?

எங்கள் தொழிலில் முதல் தலைமுறையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடி வாங்கிய விதை அப்படித்தான் கோணிக்கொண்டு வளரும். அதில் பிழைத்த செடிகளின் விதையை எடுத்து மறுபடியும் விதைக்க வேண்டும். ஒளிந்திருப்பது இரண்டாம் தலைமுறையில்தான் வெளியே வரும்.

இரண்டாம் தலைமுறையின் அறுவடைச் சமயம். வேண்டுமென்றே அறுக்காமல் ஒரு வாரம் விட்டிருந்தோம். வரிசை வரிசையாக எல்லாச் செடியும் வாயைப் பிளந்து நின்றது. கீழே மண்ணெல்லாம் எள். மத்தியானக் காற்றில் பாத்தி முழுக்க மழைத் தூறல் போலச் சத்தம். ஒவ்வொரு செடியாகப் பிடுங்கித் தலைகீழாக உதறிக்கொண்டே போனேன். எதிலும் எதுவும் மிச்சமில்லை. ஒரு செடியை உதறினேன்... ஒன்றும் விழவில்லை. கொட்டித் தீர்ந்தது என்று நினைத்துக் காயை உரித்தேன். உள்ளே அத்தனையும் இருந்தது! நுனி மட்டும் லேசாகத் திறந்திருந்தது. மணி மணியாக விதை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை உதறினேன். இன்னொரு முறை. பிறகு பாத்தியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆயிரக்கணக்கில் ஒன்று! அந்த ஒன்றைக் கண்டவள் நான்! என் ஆயுளில் நான் செய்த பெரிய காரியம் அதுதான். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது; நான் சொன்ன பொய்யால்கூட முடியாது.

அந்தச் செடியின் விதையைப் பிரித்து வளர்த்தோம். குணம் மாறவில்லை. இன்னொரு தலைமுறை. மாறவில்லை. இனி விவசாயிகளின் வயலில் போட்டுப் பார்க்க வேண்டும். அஞ்சலையின் ஊரான போலகத்தில் கூட்டம் போட்டோம்.

கூட்டத்தைக் கெடுத்தவர் எங்கள் விஞ்ஞானிதான். நல்ல மனிதர்; ஆனால் எதையும் மறைக்கத் தெரியாது. 'காய் கொட்டாத எள்' என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அவரோ அணு, கதிர், காமா என்று ஆதியிலிருந்து ஆரம்பித்தார். ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலை எழுந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? பேய் அடிச்ச மாதிரி நின்னுச்சே, அதோட வம்சந்தானே இது?"

"ஆமாம்மா, ஆனா..."

"அத நாங்க தின்னாலும் தின்னுடுவோம். அமாவாசைக்கு எங்க மாமனாருக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கணுமே, அதுக்கும் இதானா? உசுரோட இருக்கறவங்களுக்கு ஒண்ணு ஆனா ஆஸ்பத்திரிக்கிப் போலாம். செத்தவங்க எங்கங்க போவாங்க?"

ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டது. ஒரு பிடி விதையை வாங்க ஆள் இல்லை.

எனக்கு வந்த கோபம்! பூச்சிமருந்து அடித்த கத்தரிக்காயை மறுநாளே பறித்துக் குழம்பு வைப்பார்கள். அதற்குப் பயமில்லை. கதிர் என்றால் பயம்! கதிர் விதைக்குள் தங்குமா? வெயிலில் காய்ந்த துணியை மடித்துப் பெட்டியில் வைத்தால் பெட்டிக்குள் வெயிலா அடிக்கிறது? அதுவும் இது கதிர் பட்ட விதைகூட இல்லை. அதன் பேரன், கொள்ளுப்பேரன்! இதை அவர்களுக்கு யார் புரிய வைப்பது? புரிந்துகொள்ளும்வரை எத்தனை வைகாசி எத்தனை மூட்டை எள்ளை மண்ணில் கொட்டுவது?

அந்த வருடக் கடைசியில் விஞ்ஞானிக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவருக்கு எள்ளில் அக்கறை இல்லை. கோப்பை மூடினார். விதை அறையைச் சுத்தம் செய்யச் சொன்னார். "அந்தப் பழைய எள்ளையெல்லாம் குப்பையில போட்டுடுங்க" என்றார். எழுதி வாங்கவில்லை, எடை பார்க்கவில்லை, வாயால் சொன்னார். ஐந்து வருட உழைப்பு... குப்பையில்!

நான் போடவில்லை. ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோய் அது நிறைய அள்ளிக்கொண்டேன். திருட்டு என்பீர்கள். சொல்லுங்கள்! குப்பைக்குப் போவதை எடுத்தால் திருட்டு என்றால் நான் திருடிதான்.

அப்போது திருமலைராயன்பட்டினத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். மாசி பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை வந்தாள். வரப்பில் அழுதவளைச் சமாதானம் செய்த நாளிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம். நான் அவளை அக்கா என்பேன். அவள் புருஷன் கோவிந்தராசுவை அண்ணே என்பேன். "நா அக்கா, அவரு அண்ணனா? இது எந்த ஊரு மொறை?" என்று அவள் கேட்டுச் சிரிக்காத நாளில்லை.

"தங்கச்சி, போன வருசம் முழுக்க மண்ணுக்குப் போச்சு. வெதைக்குக்கூட மிஞ்சலே. ஒங்கிட்ட நல்ல எள்ளா இருந்தாக் குடேன். அந்தக் கதிரு வச்சது வாணாம்."

அலமாரியில் பாட்டில் இருந்தது. அது மட்டும்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் எள்ளைக் கையில் கொடுக்க மாட்டார்கள். உப்பும் அப்படித்தான். கைமாறினால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள். கொடுப்பவர் தரையில் வைக்க வேண்டும். வாங்குபவர் தரையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். விஞ்ஞானம் படித்த நானும் அப்படித்தான் செய்வேன். பாட்டிலைத் தரையில் வைத்தேன். "இது வேறக்கா, வெளியூருலேருந்து வந்தது" என்றேன். இரண்டு பேரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால் அந்த முதல் பொய் சுலபமாக வந்துவிட்டது.

அவர்கள் வயலில் ஒரு மா நிலத்தில் தெளித்தார்கள். வைகாசியில் அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டார். அறுப்பு ஆள் எல்லாரும் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்கள். ஐந்து நாள் தாமதம். இந்த வருடமும் போயிற்று என்றுதான் அக்கா வயலுக்குப் போயிருக்கிறாள். மறுநாள் காலை பண்ணைக்கு ஆள் அனுப்பினாள்: 'எள்ளு மேடத்தை உடனே வரச் சொல்லு.'

போனேன். வரப்பில் நின்றிருந்தாள். கையில் ஒரு செடி, தலைகீழாக. உதறினாள். ஒன்றும் விழவில்லை. அவள் முகத்தில் பாதி சந்தோஷம், பாதி கலக்கம்.

"ஏந் தங்கச்சி... இது அந்த எள்ளு இல்லியே?"

"இல்லக்கா."

"கொட்ட மாட்டேங்குதே? அன்னைக்கி ஒங்க ஐயா சொன்னாரே, கொட்டாதுன்னு?"

"இந்த மாதிரி வேற எடத்துலயும் இருக்குக்கா."

"பாரு, ஆடி அமாவாசைக்கு அவரு இதத்தான் எறைக்கப் போறாரு. எங்க மாமனாரு மவராசன், என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல. மாத்திச் சொல்லாத. கைல அடி."

கையை நீட்டினாள். மண் ஒட்டிய உள்ளங்கை. நான் அடித்தேன். "சத்தியமா இல்லக்கா."

அவ்வளவுதான். முகம் மலர்ந்துவிட்டது. செடியைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏங்க! அது இல்லியாம்!" என்று அண்ணனுக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டே ஓடினாள்.

இப்போது சொல்லுங்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஒரு மா எள்ளையும் வரப்பிலேயே கொளுத்தியிருப்பாள். அன்றோடு அந்தச் செடியின் வம்சம் முடிந்திருக்கும். நான் பொய் சொன்னேன், அது பிழைத்தது! அடுத்த மாசியில் அக்கம்பக்கத்தார் நாலு பேர் அவளிடம் விதை வாங்கினார்கள். அதற்கடுத்த மாசியில் இன்னும் சிலர். அரசாங்கம் பெயர் வைக்காத எள்ளுக்கு ஊர் பெயர் வைத்தது: அஞ்சலை எள்ளு. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்! என் பெயர் இல்லாவிட்டால் என்ன? வைகாசியில் வரப்பில் நின்று அழும் பெண்ணை அந்த வயல்களில் அப்புறம் நான் பார்க்கவில்லை.

கடல் ஊருக்குள் வந்துபோன அந்த மார்கழி உங்களுக்கு நினைவிருக்கும். பட்டினச்சேரியில் வீடிழந்தவர்கள் மண்டபத்தில் தங்கியிருந்தபோது அக்கா ஒரு தூக்கு நிறைய எள்ளுருண்டை பிடித்துக்கொண்டு போனாள். அவர்களில் சிலர் போனவர்களுக்கு இறைக்கவும் அவளிடமே எள் கேட்டு வாங்கினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கூட்டத்தில் அக்கா கேட்டது காதில் விழுந்தது. செத்தவங்க எங்கங்க போவாங்க... உடனே என்னை நானே அதட்டினேன். எள் எள்தான்! கறுப்பாக இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, போட்டால் முளைக்கிறது. வேறென்ன வேண்டும்?

இதுவரை சொன்னதில் எதற்கும் நான் தலைகுனியவில்லை. கவனித்தீர்களா? இனிமேல் சொல்லப்போவதுதான் வேறு.

நாலாவது அறுவடை முடிந்த சமயம் அக்காவுக்கு மார்பில் கட்டி. வெளியூர் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து எடுத்தார்கள். எடுத்தது மட்டும் போதாது, கரண்டு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு அதுதான் பெயர். கரண்டு வைப்பது.

பார்க்கப் போனேன். ஒரு மத்தியானம். அறுவை செய்த பக்கத்துக் கையைத் தூக்க முடியாமல், ஒற்றைக் கையால் முறத்தில் எள்ளைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வைத்த மஞ்சள் பை. இடையிடையே ஒரு சிட்டிகை எள்ளை வாயில் போட்டுக்கொண்டாள்.

"தங்கச்சி, ஒன்னையதான் நெனச்சேன். கரண்டு வைக்கறாங்கன்னா என்னா அது? ஒங்க பண்ணையில வெதைக்கு வச்சீங்களே, அதானா?"

பொய் சொல்லவில்லை. "ஏறக்குறைய அதுதான்க்கா" என்றேன்.

கல் பொறுக்கிய கை நின்றது.

"முறுக்கிக்கிட்டு நின்னுச்சே அந்தச் செடி... நாங் கண்ணால பாத்தேனே. அதையா எனக்கு வைக்கப் போறாங்க?"

விளக்கினேன். எவ்வளவு பொறுமையாக விளக்கினேன் தெரியுமா! அங்கே விதை முழுக்கக் கதிர் பட்டது. இங்கே கட்டி இருந்த இடத்தில் மட்டும், அளந்து, குறி பார்த்து வைப்பார்கள். மிச்சம் மீதி இருக்கும் கெட்டதைப் பொசுக்குவதற்குத்தான். எத்தனையோ பேர் வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள்... அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சின்னப் பிள்ளை கதை கேட்பது போல, பாதி நம்பி, பாதி நம்பாமல்.

பிறகு சொன்னாள்: "நீ படிச்சவ. நீ பொய் சொல்ல மாட்டே. ஆனா மனசு ஒப்ப மாட்டேங்குதே... அந்தக் கதிரு வச்ச எள்ளத் தின்னு ஒருத்தி, ஒரே ஒருத்தி, நல்லா இருக்கான்னு காட்டு. நா நாளைக்கே போறேன்."

சொல்லிவிட்டு இன்னொரு சிட்டிகை எள்ளை வாயில் போட்டுக்கொண்டாள்.

உங்களுக்குப் புரிகிறதா? என் எதிரே உட்கார்ந்து, அந்த எள்ளையே மென்றுகொண்டு, அதைத் தின்ற ஒருத்தியைக் காட்டு என்று கேட்டாள்! எள்ளைத் தின்பதும் கரண்டு வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அவளுடைய பயத்துக்கு இரண்டும் ஒன்று. 'அக்கா, நீங்கள்தான் அந்த ஒருத்தி, உங்கள் ஊரே அதைத்தான் தின்கிறது' என்று ஒரு வாக்கியம்... ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அந்தப் பயம் அந்த இடத்திலேயே செத்திருக்கும்.

நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? பல வருடங்களாக எனக்கு நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன். சொன்னால் அவள் தன் மார்பில் கை வைத்து, 'அப்ப இது அதனாலதானா?' என்று கேட்டிருப்பாள். இல்லை என்று எனக்குத் தெரியும். சத்தியமாக இல்லை! ஆனால் என் சத்தியத்துக்கு அதற்கப்புறம் என்ன மதிப்பு? ஊரே அந்த எள்ளைக் கொளுத்தும். அவள் இன்னும் பயப்படுவாள். அவள் நல்லதுக்காகத்தான் சும்மா இருந்தேன்...

நல்ல பதில்தான். பாதி உண்மைகூட. மீதிப் பாதியை இன்றுதான் எழுதுகிறேன். அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று பயந்தேன். 'நீ பொய் சொல்ல மாட்டே' என்று சொன்ன வாய் அடுத்து என்ன சொல்லும் என்று பயந்தேன். தனி ஆளாக இருந்த எனக்கு உரிமையோடு போய் உட்கார அந்த ஒரு வீடுதான் இருந்தது. அதை இழக்க எனக்கு மனமில்லை. அவள் உயிரை ஒரு தட்டிலும் என் முகத்தை இன்னொரு தட்டிலும் வைத்து, என் முகம் பெரிது என்று முடிவு செய்தேன். அப்படி வெளிப்படையாக முடிவு செய்யவில்லைதான்... ஆனால் செய்தேன்.

"நா தின்னுருக்கேன்க்கா, எனக்கு என்ன ஆச்சு?" என்று மட்டும் சொன்னேன்.

"நீ தின்னத நா பாத்தேனா?" என்று சிரித்தாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அண்ணனின் கட்டாயத்துக்காகப் போனாள். நாலு நாள் வைத்துக்கொண்டாள். வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் கழுத்துத் தோல் கறுத்துப் போயிருந்ததைப் பார்த்திருக்கிறாள். ஐந்தாம் நாள் காலை பஸ் நாகூர் தாண்டவில்லை, இறங்கிவிட்டாள். "நா கருகிச் சாவ மாட்டேன்" என்று சொல்லி எதிர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். கெஞ்சினேன்... சொல்லவேண்டியதை மட்டும் அப்போதும் சொல்லவில்லை!

அடுத்த மாசிக்குள் நோய் திரும்பிவிட்டது. அந்த மாசியில் அவள் விதை தெளிக்கவில்லை. வைகாசி அறுவடையை அவள் பார்க்கவில்லை.

முழுதாக வைத்திருந்தாலும் திரும்பி வந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என்னிடம் சொன்னார். அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். அந்த இரண்டாவதை அவளிடமிருந்து எடுத்துவிட்டேனே!

பதினாறாம் நாள் கருமாதி. ஆற்றங்கரைக்கு நானும் போனேன். அவர்களுடைய மகன் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். எள் எங்கே என்று ஐயர் கேட்டார். அண்ணன் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தரையில் வைத்தார். "எங்கூட்டு எள்ளுங்க. அவ கையால பொறுக்குனது."

நான் பார்க்கப் போன அந்த மத்தியானம் அவள் முறத்தில் பரப்பியிருந்த எள். எனக்கு அது தெரிந்தது. மகன் விரலிடுக்கில் எடுத்துத் தண்ணீரோடு விட்டான். ஒரு முறை. இரண்டு முறை. மூன்று முறை. செத்தவங்க எங்கங்க போவாங்க என்று கேட்டவளுக்கு அவள் வேண்டாம் என்ற எள்ளையே இறைத்தார்கள். நிறுத்துங்கள் என்று நான் கத்தியிருக்கலாம். எதற்காகக் கத்த வேண்டும்? எள்ளில் ஒரு குற்றமும் இல்லை! அன்றும் அதைத்தான் நம்பினேன், இன்றும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் அவளிடம் கேட்காமல் அவள் பங்குக்கும் சேர்த்து நம்ப எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

அந்த எள்ளால்தான் வந்தது என்று யாராவது சொல்ல வருகிறீர்களா? வாருங்கள், விடியும்வரை வாதாடுகிறேன். நான் சொன்ன முதல் பொய் தப்பு, சத்தியம் தப்பு என்கிறீர்களா? அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. போலகத்து வயல்களைக் காட்டுவேன். ஆனால் அந்த மத்தியானம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டால்... என்னிடம் ஒன்றுமில்லை.

அண்ணனிடமாவது சொல்லலாமே என்பீர்கள். எத்தனை முறை போனேன் தெரியுமா? அவர் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறார். "அவ பேருல ஒரு எள்ளு இருக்கு தங்கச்சி. அது போதும் எனக்கு." அதைக் கேட்டுவிட்டு நான் எதைச் சொல்வது? சொல்லாமல் இருப்பது இரக்கமா, மறுபடியும் அதே கோழைத்தனமா? எனக்கே தெரியவில்லை.

இந்த வைகாசியிலும் அறுவடை முடிந்ததும் வந்தார். வருடா வருடம் எனக்கு ஒரு பங்கு கொடுப்பது அக்காவின் வழக்கம். இப்போது அவர் செய்கிறார். வாசலில் நின்றார். கையில் துணிப்பை. குனிந்து அதைத் தரையில் வைக்கப் போனார்.

"அண்ணே, கைல குடுங்க."

நிமிர்ந்து பார்த்தார். நான் கையை நீட்டியிருந்தேன். அவள் உள்ளங்கையில் அடித்த கை.

"என்னா தங்கச்சி இது? எள்ளப் போயி யாராச்சும் கைல குடுப்பாங்களா? சண்ட வந்துடும்."

"வரட்டும் அண்ணே."

வேண்டும் என்றே கேட்டேன். அந்தச் சண்டை வர வேண்டும். என்னால் சொல்ல முடியாததை அந்த எள்ளாவது அவர் கையிலிருந்து என் கைக்கு வரும்போது சொல்லித் தொலைக்கட்டும். என் தலைமயிரைப் பிடித்து உலுக்கி 'ஏன் சொல்லலே?' என்று அவர் கேட்கட்டும்! விஞ்ஞானம் படித்தவள்தான்... அந்த நிமிடம் அதை முழுசாக நம்பினேன்.

அவர் சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நமக்குள்ள என்னா சண்ட தங்கச்சி? ஒங்கிட்ட கேட்டாத்தான் நெசம் தெரியும்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா."

பையைத் தரையில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும்வரை நான் கையை நீட்டியபடியே நின்றிருந்தேன். பிறகு குனிந்து அதை எடுத்தேன்.